ரிவர்ஸ் எடுக்கும் லாரியும் அஜிலிட்டி நாயும்

ஞாயிற்றுக்கிழமை காலை கப்பன் பார்க்கில் நாயோடு வருகிறவர்களிடம் "அஜிலிட்டி" என்று சொல்லிப் பாருங்கள். தடைகளை வரிசையாகத் தாண்டி நாய் ஓட, மனிதர் கூடவே ஓடி வழிகாட்டும் விளையாட்டு அது. "அதெல்லாம் பார்டர் கோலி வைத்திருப்பவர்களுக்கு" என்பார் ஒருவர். "எங்க லேப்ரடார் சோபாவையே தாண்டுது, இதைத் தாண்டாதா?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் நாய்க் கண்காட்சியில் பார்த்ததைச் சொல்வார். நாலாமவர் போலீஸ் நாய்கள் நெருப்பு வளையத்துக்குள் பாய்ந்ததைச் சொல்வார். நாலு பேருமே இதை நாய்க்கு வைக்கிற பரீட்சை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே பல சமயம் மார்க் போவது கூட ஓடுகிற மனிதரின் தப்பால்தான்.

கண்ணாடியில் தெரியும் கிளீனர்

கலாசிபாளையத்துச் சந்தில் ஒரு லாரி ரிவர்ஸ் வருவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. கண்ணாடியில் தெரிவது கிளீனர் மட்டும். "வா வா வா... ரைட்ல ஒடி... இன்னும் ஒடி... நேரா வா... போதும்!" அந்த "ஒடி" அரை நொடி தாமதமாக வந்தால் பம்பர் சுவரில் உரசும். பார்க்கிறவர்கள் டிரைவரைத்தான் திட்டுவார்கள்.

அஜிலிட்டியில் டிரைவர் நாய், கிளீனர் நீங்கள். மைதானத்தில் தாண்டுகம்பி, சுரங்கம், ஏறி இறங்கும் பலகை என்று தடைகள் இருக்கும். பன்னாட்டு நாய்ச் சம்மேளனமான எஃப்சிஐ விதிப்படி ஒரு ஓட்டத்துக்கு 15 முதல் 22 தடைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் பலகை வைத்திருப்பார்கள். அந்த எண் வரிசைதான் கோர்ஸ். ஒவ்வொரு போட்டிக்கும் நடுவர் புதிதாகக் கோர்ஸ் போடுவார். நாயோடு ஓடுபவரை ஹேண்ட்லர் என்பார்கள். அவருக்கு நாய் இல்லாமல் கோர்ஸை நடந்து பார்க்கச் சில நிமிடங்கள் தருவார்கள். நாய்க்கு அதுவும் கிடையாது. அது உள்ளே வரும்போதுதான் எல்லாவற்றையும் முதன்முதலாகப் பார்க்கிறது. அதற்கு எண்ணும் படிக்கத் தெரியாது.

கழுத்தில் கயிறு கிடையாது. நாயையோ தடையையோ தொடக்கூடாது. கையில் பிஸ்கட், பந்து எதுவும் கூடாது. உங்கள் உடம்பும் குரலும் மட்டும்தான் மிச்சம்.

போலீஸ் நாய் சாகசத்தோடு இதைக் குழப்புவதற்கு இங்கேதான் பதில். பெங்களூருக்கு வெளியே தரளுவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையான சிஆர்பிஎஃப் நடத்தும் நாய்ப் பயிற்சிப் பள்ளி இருப்பதால் நம் ஊரில் அந்த மாதிரிக் காட்சிகளைப் பலர் பார்த்திருப்பார்கள். காட்சி என்பது ஒத்திகை பார்த்த வரிசை, நாய்க்கு அடுத்தது என்ன என்று தெரியும். அஜிலிட்டியில் தெரியாது. நாய்க் கண்காட்சியோ முற்றிலும் வேறு. அங்கே இனத்துக்குரிய உடலமைப்பைப் பார்த்து மதிப்பிடுவார்கள், இங்கே அழகுக்கு மார்க்கே இல்லை.

இந்த விளையாட்டு பிறந்ததும் வேடிக்கையாகத்தான். 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்தை உட்கார வைக்க ஏதாவது வேண்டியிருந்தது. குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து, அதே மாதிரி நாய்க்குச் செய்தார்கள். 1980-இல் பிரிட்டனின் கெனல் கிளப் அதை முறையான விளையாட்டாக ஏற்றது. இடித்தால் கம்பி விழ வேண்டும், விழுந்தால் தண்டனை என்ற வழக்கமெல்லாம் குதிரையிடமிருந்து வந்ததுதான்.

நாய் எதைப் படிக்கிறது?

வீட்டில் ஒரு சோதனை. "சிட்" என்றால் டக்கென்று உட்காரும் நாயா உங்களுடையது? அதற்கு முதுகைக் காட்டி நின்று, கையை அசைக்காமல், சுவரைப் பார்த்து "சிட்" என்று சொல்லுங்கள். நிறைய நாய்கள் உட்காராமல் விழிக்கும். அது இத்தனை நாளும் கற்றது நீங்கள் லேசாகக் குனிவதை, கை மேலே போவதை. வார்த்தை கூடவே வந்த பின்னணி இசை.

ஓடும்போதும் அப்படித்தான். நாய் முதலில் படிப்பது உங்கள் வேகத்தையும் நீங்கள் போகும் திசையையும். அப்புறம் பாதமும் தோளும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை. பிறகுதான் கை. கடைசியில் குரல். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். வாய் "டனல், டனல்" (சுரங்கம்) என்று கத்தும், பாதம் பக்கத்துக் கம்பியைப் பார்த்திருக்கும். நாய் கம்பியைத் தாண்டும். நாய் கீழ்ப்படியவில்லை என்று நினைப்பார்கள். அது பாதத்துக்குக் கீழ்ப்படிந்துவிட்டது.

வேகமும் ஒரு செய்திதான். நீங்கள் வேகம் எடுத்தால் நாய் நீட்டித் தாண்டும். நீங்கள் வேகம் குறைத்தால் அது கால்களைச் சுருக்கி, தாண்டின கையோடு திரும்பத் தயாராகும். அடுத்த தடை வளைவில் இருக்கிறது என்றால் கத்துவதைவிட ஒரு எட்டு மெதுவாக வைப்பது பலன் தரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். சில்க் போர்டு சிக்னலில் ஆட்டோ திரும்பின பிறகு இண்டிகேட்டர் போட்டால் பின்னால் வருகிறவருக்கு அதனால் என்ன லாபம்? கணக்குப் பாருங்கள். வேகமான நாய் நொடிக்கு 5 மீட்டர் போகும். நீங்கள் அரை நொடி தாமதித்தால் அது இரண்டரை மீட்டர் தள்ளிப் போயிருக்கும். தடைகளுக்கு நடுவே இருப்பதே சுமார் 5 முதல் 7 மீட்டர். ஆக, ஒரு தடையைத் தாண்டித் தரையில் கால் வைப்பதற்குள் அடுத்தது எது என்று நாய்க்குத் தெரிந்தாக வேண்டும். அந்தரத்தில் இருக்கும்போது நீங்கள் கூப்பிட்டால் அது அந்தரத்திலேயே திரும்பும், பின்னங்கால் கம்பியில் இடிக்கும். கம்பி விழுந்தால் "நாய் சோம்பேறி" என்பார்கள், பல சமயம் உண்மையான காரணம் இதுதான்.

கோர்ஸ் வளையும்போது நீங்கள் நாயின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் மாற வேண்டியிருக்கும். நாய்க்கு முன்னால் ஓடி, அதைப் பார்த்தபடி திரும்பிப் பக்கம் மாறினால் ஃப்ரண்ட் கிராஸ். நாயை முன்னே விட்டு அதன் முதுகுக்குப் பின்னால் குறுக்கே போனால் ரியர் கிராஸ். ஆரம்பத்துக்கு இந்த இரண்டே போதும். ஃப்ரண்ட் கிராஸுக்கு நீங்கள் நாயை முந்த வேண்டும், முந்த முடியாது என்று தெரிந்தால் முயலாதீர்கள். பாதி வழியில் நாயோடு மோதிக்கொள்வது இதனால்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் ரியர் கிராஸை நம்பியே நன்றாக ஓட முடியும்.

குரல் கடைசி என்றாலும் அதில் ஒரு பெங்களூர்ச் சிக்கல் உண்டு. பாட்டி "உக்காரு" என்பார், பையன் "சிட்" என்பான், வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில் "கூத்கோ" என்பார். ஒரே செயலுக்கு மூன்று சொல். மொழி எதுவானாலும் பரவாயில்லை, ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். முதல் ஒலியும் வேறுவேறாக இருக்கட்டும். "தாண்டு", "தாவு" இரண்டையும் வைத்தால் ஓட்டத்தில் நாய் காதில் விழுவது "தா" மட்டும். "தாண்டு", "டனல்", "வளை", "ஏறு" பிரித்துக் கேட்கும்.

இதுவரை பார்த்தது: நாய்க்குக் கோர்ஸ் தெரியாது, உங்கள் உடம்புதான் அதற்கு வரைபடம். வரைபடம் சரியாக இருந்தால் போதாது, சீக்கிரமும் கிடைக்க வேண்டும்.

தடைகள்

தாண்டுகம்பிதான் எண்ணிக்கையில் அதிகம். உயரம் நாயின் உயரத்தைப் பொறுத்தது. நாய் நிற்கும்போது தரையிலிருந்து தோள் மேடு வரை அளப்பார்கள். எஃப்சிஐயில் 35 செ.மீ.க்குக் குறைந்தவை ஸ்மால், 43-க்குக் குறைந்தவை மீடியம், 48-க்குக் குறைந்தவை இன்டர்மீடியட், அதற்கு மேல் லார்ஜ். ஸ்மாலுக்குக் கம்பி 25 முதல் 30 செ.மீ., லார்ஜுக்கு 55 முதல் 60. ஆகவே டாக்ஸ்ஹண்டோடு ஜெர்மன் ஷெப்பர்டைப் போட்டியிட வைக்க மாட்டார்கள்.

சுரங்கம் 60 செ.மீ. விட்டமுள்ள, வளைக்கக்கூடிய குழாய். நாய்களுக்குப் பிடித்தது, சொல்லித்தர அதிகம் இல்லை. பிடித்துப்போன நாய் கூப்பிடாமலே போய் நுழைந்துகொள்ளும், அது ஒன்றுதான் தொல்லை.

ஏறி இறங்கும் தடைகள் மூன்று. கூரை வடிவில் 1.7 மீட்டர் உயரமுள்ள ஏ-ஃபிரேம். 30 செ.மீ. அகலப் பலகையில் ஏறி, நடந்து, இறங்கும் டாக்வாக். சிறுவர் பார்க்கில் இருக்கும் சீசாவின் நாய்ப் பதிப்பு. மூன்றிலும் பலகையின் கீழ்ப்பகுதிக்கு வேறு நிறம் அடித்திருக்கும். அதன் பெயர் காண்டாக்ட் ஜோன். இறங்கும்போது நாயின் பாதம் அந்த நிறத்தில் பட வேண்டும், மேலிருந்தே குதித்தால் தண்டனை. உயரத்திலிருந்து குதித்துக் குதித்து முன்னங்கால் தோள்மூட்டு கெட்டுப்போகக் கூடாது என்பதுதான் விதியின் நோக்கம்.

சீசாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்ல நாய்கள் உடைந்துபோகின்றன. காலடியில் பலகை நகர்கிறது, முடிவில் "டமார்" என்று தரையில் அடிக்கிறது. நாய் இரண்டுக்கும் பயப்படும். முதல் நாளே முழு உயரத்தில் ஏற்றினால் அப்புறம் டாக்வாக்கையும் சந்தேகப்படும், தூரத்திலிருந்து இரண்டும் ஒரே மாதிரித் தெரிவதால். சரியான வழி, இறங்கும் முனைக்குக் கீழே பழைய மெத்தைகளை அடுக்கிப் பலகை நாலைந்து செ.மீ. மட்டும் இறங்கும்படி செய்வது. நாய் காதைப் பின்னால் மடக்காமல், வாலைத் தாழ்த்தாமல் போகிறது என்றால் ஒரு மெத்தையை எடுங்கள். இது வாரக்கணக்கில் ஆகும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் பத்து நாள் சீசா பக்கமே போக வேண்டாம். வெடிச் சத்தத்தில் வெலவெலத்திருக்கும் நாய்க்கு அந்த "டமார்" வெடியாகவே கேட்கும்.

வளைந்து போகும் கம்பங்களை வீவ் போல்ஸ் என்பார்கள். 60 செ.மீ. இடைவெளியில் 12 கம்பங்கள். முதல் கம்பம் நாயின் இடது தோள் பக்கம் இருக்கும்படி நுழைந்து, பாம்பு மாதிரி நெளிந்து வெளியே வர வேண்டும். நடுவில் ஒன்றை விட்டால் திருத்தித்தான் மேலே போகலாம். எந்த நாயும் தானாகச் செய்யாத ஒரே தடை இதுதான். ஆகவே கயிற்றைப் பிடித்து இழுத்து நெளியக் கற்றுத்தரலாம் என்று தோன்றும். வேண்டாம். இழுபடும் நாய் உங்கள் கையைக் கற்கும், கம்பத்தைக் கற்காது. கம்பங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு பக்கமும் நகர்த்தி நடுவே ஒரு சந்து விடுங்கள். நாய் நேராக ஓடட்டும். சில நாளுக்கு ஒருமுறை சந்தைச் சில செ.மீ. குறுக்குங்கள். ஒரு கட்டத்தில் அது நெளிந்தால்தான் போக முடியும், நெளியும். தடுமாறினால் ஒரு படி அகலமாக்குங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து முறை போதும், முதுகெலும்புக்கு இது கடினமான வேலை.

மார்க் எப்படிப் போகிறது?

கம்பி விழுந்தால் 5. காண்டாக்ட் ஜோன் தவறினால் 5. தடைக்கு எதிரே வந்து நின்றுவிட்டாலோ அதைத் தாண்டாமல் ஓரமாகப் போனாலோ ரெஃப்யூசல், அதுவும் 5. நீங்கள் நாயையோ தடையையோ தொட்டு ஆதாயம் பெற்றாலும் 5. மூன்று ரெஃப்யூசல், அல்லது தவறான தடையில் ஏறியது என்றால் எலிமினேஷன், அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. நடுவர் நிர்ணயித்த நேரத்தைத் தாண்டினால் நொடிக்கு 1.

160 மீட்டர் கோர்ஸுக்கு 40 நொடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாய் 36.50 நொடியில் வந்தது, ஒரு கம்பி விழுந்தது: 5 தண்டனை. இன்னொன்று தப்பே இல்லாமல் 41.30-இல் வந்தது: 1.30 தண்டனை. மெதுவாக வந்ததுதான் மேலே. தண்டனை சமமாக இருந்தால் மட்டும்தான் வேகம் பேசும். முதல் வருடம் நாயை விரட்டாதீர்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்குக் கணக்கே சாட்சி.

மணை, பூந்தொட்டி, பிவிசி பைப்

பெரும்பாலோர் செய்கிற தப்பு, ஆன்லைனில் ஒரு அஜிலிட்டி செட் வாங்கி மொட்டை மாடியில் விரிப்பது. சிமெண்ட் தரையில் ஒரு தாண்டல்கூட வேண்டாம், இறங்கும் அதிர்ச்சி முழுதும் முன்னங்கால் மூட்டுக்குப் போகும். டைல்ஸ் இன்னும் மோசம், வழுக்கும்.

முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டியது சாப்பாட்டு மணை ஒன்று. அதன் மேல் பழைய யோகா மேட் துண்டை ஒட்டுங்கள், அடியிலும் ஒட்டுங்கள், நகரக் கூடாது. நாய் முன்னங்கால்களை மணையில் வைக்கட்டும். நீங்கள் அதன் முகத்துக்கு நேரே நின்று மெதுவாகச் சுற்றுங்கள். உங்களைப் பார்த்தபடியே இருக்க, அது பின்னங்கால்களை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டியிருக்கும். நாய்களுக்குத் தங்கள் பின்னங்கால் எங்கே இருக்கிறது என்ற நினைவு குறைவு, முன்னங்கால் போன வழியில் அது தானே வருகிறது என்றே வாழ்கின்றன. கம்பி இடிப்பதும் பலகையிலிருந்து வழுக்குவதும் அதனால்தான். கால் பங்கு வட்டம் திரும்பினால் சுண்டல் அளவு கோழித் துண்டு அல்லது பன்னீர். அடுத்து, மணையில் பின்னங்கால், தரையில் முன்னங்கால் என்று நிற்கப் பழக்குங்கள். காண்டாக்ட் ஜோனில் நிற்கப் பழக்கும் நிலை இதுவேதான், பலகை மட்டும் பெரிது. பரிசைத் தரைமட்டத்தில், மூக்குக்கு நேரே கொடுங்கள். உயரத்தில் கொடுத்தால் நாய் நிமிர்ந்து பின்னங்காலை இறக்கிவிடும்.

கூடவே, சமதரையில் உங்கள் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஓடப் பழக்குங்கள். பெரும்பாலான நாய்கள் நடைப்பயிற்சியில் ஒரே பக்கம் வந்து பழகியவை, மறுபக்கம் வரச் சொன்னால் காலுக்குள் புகும்.

அதன் பிறகு நாலடி பிவிசி பைப். கவிழ்த்த இரண்டு பிளாஸ்டிக் பூந்தொட்டிமேல் சும்மா வையுங்கள். கட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். இடித்தால் உருண்டு விழ வேண்டும், விழாத கம்பி காலை உடைக்கும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. நாய் "இன்னும்" என்று கேட்கும்போதே நிறுத்துங்கள்.

இதுவரை: உபகரணம் கடைசி. உடல் கட்டுப்பாடு, இருபக்க ஓட்டம், தாழ்ந்த கம்பி, பிறகுதான் பலகைகளும் கம்பங்களும். அவற்றுக்குப் பயிற்சி மைதானம் தேவைப்படும். அடிப்படையிலிருந்து முதல் போட்டிவரை ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வது நியாயமானது.

எந்த நாய், எந்த வயது, எந்தத் தரை?

தெருவிலிருந்து வந்த இண்டீ நாய்கள் இதற்கு அருமையானவை: இலகுவான உடம்பு, சட்டென்று திரும்பும் கால். சிப்பிப்பாறை, முதோல் போன்ற வேட்டை இனங்கள் நேராக ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது, ஆனால் அகலமாகத் திரும்பும், அணில் ஓடினால் கோர்ஸ் மறந்துவிடும். பக், புல்டாக் மாதிரித் தட்டை மூக்கு நாய்களுக்குக் காலை ஏழு மணிக்குள் விளையாட்டாகக் கொஞ்சம், அவ்வளவே. லேப் வைத்திருப்பவர்கள் முதலில் விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் எடை குறையும்வரை தாண்டல் வேண்டாம்.

போட்டி ஓட்டத்துக்கு எஃப்சிஐ 18 மாதம் கேட்கிறது. காரணம் எலும்பு. வளரும் நாயின் எலும்பு முனைகளில் உள்ள மென்மையான வளர்ச்சித் தட்டுகள் மூட ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும், பெரிய இனங்களுக்கு இன்னும் தாமதம். அதுவரை கம்பி தரையிலேயே இருக்கட்டும். பெரிய இன நாய் என்றால் தொடங்கும் முன் இடுப்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிடுவது நல்லது.

சென்னையில் தலைமையகம் உள்ள கெனல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று இல்லாமலும் பயிற்சி தொடங்கலாம். போட்டிக்குச் சான்று வேண்டுமா என்பது அந்தந்தப் போட்டியின் விண்ணப்பத்தில் இருக்கும், பணம் கட்டும் முன் படியுங்கள்.

பெங்களூர் வெயில் இதற்குச் சாதகம், மண்தான் இல்லை. காய்ந்த செம்மண்ணில் மேல்பொடி வழுக்கும், மழை பெய்தால் சேறாகி வழுக்கும். குட்டையாக வெட்டிய புல்தரை சிறந்தது. உயரமான புல் என்றால் உண்ணி, உண்ணி என்றால் உண்ணிக் காய்ச்சல். ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு காதுக்குள், அக்குளில், கால்விரல் இடுக்கில் தடவிப் பாருங்கள். நாய் திடீரென்று கம்பியை மறுக்கிறது, சாப்பாட்டில் மந்தம் என்றால் பயிற்சியாளரிடம் போகும் முன் கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை.

போட்டி நாள்

தடுப்பூசி அட்டை, தண்ணீர், நிழலுக்கு ஒரு துணி, நாய் படுத்துப் பழகிய பாய். ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம்.

கோர்ஸ் நடக்கும் நிமிடங்களில் புதியவர்கள் எண்ணை மனப்பாடம் செய்வார்கள். அது ஒரு சுற்று மட்டும். இரண்டாம் சுற்றில் நாய் ஓடும் கோட்டில், நாயின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். மூன்றாம் கம்பியிலிருந்து இறங்கும்போது எதிரே தெரிவது நாலாம் எண்ணா, வா வா என்று கூப்பிடும் சுரங்கமா? சுரங்கம் என்றால் அந்த இடத்தில் உங்கள் தோள் எங்கே இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்யுங்கள். மூன்றாம் சுற்றில் நீங்கள் ஓடும் கோட்டில், பக்கம் மாறும் இடங்களில் உண்மையாகவே திரும்பி நடங்கள். கூச்சப்பட வேண்டாம், எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டு காற்றில் நாய் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பத்து நிமிடம் நடக்க வைத்து, ஓரிரு தாழ்ந்த கம்பி தாண்ட வைத்த பிறகு உள்ளே போங்கள். கடிகாரம் நாய் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் ஓடும், ஆகவே கயிற்றைக் கழற்ற அவசரம் இல்லை.

முதல் ஓட்டத்தில் எலிமினேஷன் வருவது சாதாரணம். நாய் தவறான சுரங்கத்தில் நுழைந்து, வாலை ஆட்டிக்கொண்டு மறுபக்கம் வரும். முகத்தைச் சுளிக்காதீர்கள், அதையும் அது படிக்கும். நடுவர் அனுமதித்தால் அதற்கு நன்றாகத் தெரிந்த இரண்டு கம்பியைத் தாண்ட வைத்து வெளியே வாருங்கள். முதலில் கயிறு, பிறகு மைதானத்துக்கு வெளியே வைத்த டப்பாவிலிருந்து துண்டு துண்டாகப் பத்துப் பன்னீர். அதன்பின் மூச்சு அடங்கும்வரை ஐந்து நிமிடம் நடத்திவிட்டு ஏசி காரில் ஏற்றுங்கள்.